ஆணிக்காரியின் பெட்டிக்கு வந்த பொற்காசுகள்

"காசு காணோம்னா புகார் கொடுக்கலாம்க்கா. தானா வந்து சேர்ந்துக்கிட்டே இருந்தா யார்கிட்ட போய்ச் சொல்றது?"

சனிக்கிழமை காலையில், ஒரு காலில் செருப்போடு வாசலில் நின்றபடியே அந்தப் பெண் கேட்ட கேள்வி இது. துணி மடித்துக்கொண்டிருந்த அண்ணி நிமிர்ந்து பார்த்தார். எரிந்த கிடங்கு நிஜமாகவே தானாக எரிந்ததா, யாராவது எரித்தார்களா என்று காப்பீட்டு நிறுவனத்துக்குப் பார்த்துச் சொல்வது அவருடைய வேலை. லீவு நாளில் அக்கம்பக்கத்துச் சிக்கல்கள் அவரைத் தேடி வரும். சிக்கல் என்ற வாசனை பட்டால் போதும், அவர் கணவரின் தம்பியும் சாப்பிட்ட கையைக் கழுவாமல் ஓடி வருவான். செல்போன் கடையில் வேலை பார்க்கும் இந்தக் கொழுந்தனுக்குத் துப்பறிவது என்றால் உயிர்.

வந்தவள் பக்கத்துத் தெரு மருந்துக்கடையில் வேலை பார்ப்பவள். ஆனால் 'ஆணிக்காரி' என்றால்தான் கொழுந்தனுக்குத் தெரியும். ஊர்ப்பட்ட பேர் சேர்ந்து கணினியில் ஆடும் ஒரு மாயலோக விளையாட்டில் அவள் கொல்லர் வேலை செய்கிறாள். டிராகனை வெட்டுவது, வழிப்போக்கரை மடக்குவது என்று ஆளாளுக்குக் குறுக்குவழியில் காசு பார்க்கும் அந்த உலகத்தில், இரும்புக்கல் வாங்கி உருக்கி ஆணியும் கீலும் அடித்து விற்றே பொற்காசு சேர்த்தவள். அங்கே சந்தைத் தெருவில் சொந்தமாக ஒரு பட்டறை வாங்க வேண்டும் என்பது அவள் ஆசை.

"இவரு அங்க பாலத்தடியில நின்னு வழிப்பறி பண்றவருக்கா. என் ஆணி மூட்டையையே பிடுங்கியிருக்காரு."

"அப்படியா கொழுந்தனாரே? வீட்டுல பூனை மாதிரி இருக்கீங்களே!"

கொழுந்தன் காது மடல் சிவக்கத் தலையைச் சொறிந்தான்.

"போன மாசம் ஒருநாள் வேலை முடிஞ்சு வந்து பார்த்தா, விளையாட்டுல என் காசுப் பெட்டியில சில்லறை மட்டும் கிடக்கு" என்று தொடர்ந்தாள் ஆணிக்காரி. "வீட்டுக் கம்ப்யூட்டர்ல என் கணக்கு எப்பவும் திறந்தேதான் இருக்கும். தம்பியும் அதுலதான் ஆடுவான். ஆத்திரத்துல அப்பா எதிர்லயே அவனைத் திருடன்னுட்டேன். 'நான் தொடலை'ன்னு ஒரே வார்த்தை சொன்னான். அதோட பேச்சு நின்னுபோச்சு. நாளைக்கு வெளியூர் வேலைக்குக் கிளம்புறான். ஸ்டேஷனுக்குக்கூட யாரும் வரக் கூடாதாம்."

"காசு வருதுன்னியே?"

"அதுக்கு அப்புறம்தான். நான் வீட்டுல இல்லாத நேரமாப் பார்த்து யாரோ என் கணக்குல தோல் பை தைச்சு வித்து, காசைப் பெட்டியில போட்டுட்டுப் போறாங்க. எனக்குத் தோல் வேலை தெரியாது. வீட்டுல தம்பிக்குத்தான் தெரியும். நான் இதை யார்கிட்டயும் மூச்சு விடலை." அவள் காலில் மிச்சமிருந்த செருப்பையும் கழற்றினாள். "திருடன்ங்கிற பேரோட போனா அவன் திரும்பி வரவே மாட்டான்க்கா. அவன் எடுத்தானா இல்லையா, எனக்கு நிச்சயமாத் தெரியணும்."

"கேஸ் முடிஞ்சுது அண்ணி!" என்று கொழுந்தன் துள்ளினான். "எடுத்ததும் தம்பி, மனசு உறுத்தித் திருப்பி வைக்கிறதும் தம்பி."

"எடுத்ததைத் திருப்பி வைக்கிறதுக்கு எதுக்குப் பை தைக்கணும்?" என்று கேட்டுவிட்டு, அண்ணி மடித்த துணியை அலமாரியில் வைத்தார்.

ஆணிக்காரியின் வீடு, அவள் அப்பாவின் கண்ணாடிக் கடைக்கு மேல்மாடியில் இருந்தது. அவள் கணினியைத் திறப்பதற்குள் மருந்துக்கடையிலிருந்து போன் வந்தது. "ஐநூறு மாத்திரைன்னே அடிடி. அட்டைக் கணக்குப் பார்க்காதே, அதுவே அட்டையாக்கிக்கும்" என்று சொல்லி வைத்தாள்.

திரையில் பெட்டி திறந்தது. புதிதாகச் சேர்ந்த பொற்காசுகளுக்குப் பக்கத்தில் தோல் துண்டுகள் அளவுவாரியாக அடுக்கப்பட்டிருந்தன. எல்லாமே நீளமான, நேரான பட்டைகள்.

"இது என்ன கூத்து?" என்றான் கொழுந்தன். "பையோட அச்சைத் தோல் மேல வெச்சு, வளைவா சுத்தி வெட்டி எடுத்தாப் போதும் அண்ணி. மிச்சம் கோணல்மாணலா இருக்கும், தூக்கிப் போட்டுருவோம். இந்த ஆளு முழுத் தோலையும் இந்தக் கோடியிலேர்ந்து அந்தக் கோடி வரைக்கும் வெட்டியிருக்கான். எவ்வளவு தோல் வீண்!"

அண்ணி திரையை வெகுநேரம் பார்த்தார். "காசு போன அன்னைக்குச் சில்லறை மிச்சம் இருந்துச்சுன்னியே. எவ்வளவு?"

"ஒரு மூட்டை இரும்புக்கல்கூட வாங்க முடியாதுக்கா."

"அன்னைக்கு நீ என்ன பண்ணினே?"

"காலையில விளையாட்டுச் சந்தையில இருக்கிற கணக்கப்பிள்ளைகிட்ட நூறு கல் வேணும்னு அடிச்சுவெச்சுட்டு வேலைக்கு ஓடினேன். கொஞ்சூண்டுதான். அதுவும் வரலை. அன்னைக்குன்னு பார்த்து விளையாட்டை நடத்துறவங்க சுரங்கத்தை மூடிட்டாங்க. விலை எகிறிடுச்சு. பழைய விலைக்கு யார் தருவா?"

அண்ணி எழுந்தார். "வாங்க கொழுந்தனாரே, கீழே கடையைப் பார்த்துட்டு வரலாம்."

அப்பா ஒரு பெரிய கண்ணாடியை மேசையில் கிடத்தி, அளவுகோலை ஒட்டிக் கீறிக்கொண்டிருந்தார். சுவரோரம் மிச்சத் துண்டுகள் அளவுவாரியாகச் சாய்ந்திருந்தன. கொழுந்தனால் சும்மா இருக்க முடியவில்லை. "நடுவுல மட்டும் ஒரு துண்டு எடுக்க முடியாதாங்க?"

"கண்ணாடி கேட்காது தம்பி. இந்த ஓரத்துல ஆரம்பிச்சா அந்த ஓரம் வரைக்கும் போயாகணும். நடுவுல நின்னா, அது இஷ்டத்துக்கு உடைஞ்சுரும்." அவர் கண்ணாடியை மெல்லத் தட்டினார். கீறிய கோட்டிலேயே அது இரண்டாகப் பிரிந்தது. பிறகு அண்ணியைப் பார்க்காமலே கேட்டார்: "பொண்ணு எதுக்கு உங்களைக் கூப்பிட்டிருக்கான்னு தெரியும்மா. காசுதான் திரும்பி வருதே, பையனை இதோட விட்டுரக் கூடாதா?"

"விட்டுரலாம்ங்க. மேல வாங்க, எல்லாரையும் வெச்சே பேசி முடிச்சுடலாம்."

தம்பி ஊருக்குப் போகப் பாதி கட்டிய துணிப்பெட்டியை விட்டுவிட்டு, கதவு நிலையில் சாய்ந்து நின்றான். உட்காரச் சொல்லியும் உட்காரவில்லை. அண்ணி கணினி முன்னால் நாற்காலியை இழுத்துப் போட்டார்.

"திருடினவன்கிட்ட காசு இருக்கும். மனசு மாறினா மொத்தமாக் கொண்டாந்து போடுவான். இங்க ஒருத்தர் கொஞ்சம் கொஞ்சமாச் சம்பாதிச்சுப் போடுறாரு. அப்போ அவர்கிட்ட அந்தக் காசு இல்லை. அவர் எடுக்கவும் இல்லை."

"அப்போ எடுத்தது யாரு?" என்றான் கொழுந்தன்.

"யாரும் எடுக்கலை. திருடன் எதுக்குச் சில்லறையை விட்டுட்டுப் போகணும்? மிஞ்சினது ஒரு மூட்டைக்குக் கொஞ்சம் குறைவு. அதாவது, வாங்கக்கூடிய மட்டும் முழு மூட்டையா எதையோ வாங்கின மிச்சம் அது. இவ மருந்துக்கடையில மாத்திரைக் கணக்கை அடிப்பா, அங்க இருக்கிற கம்ப்யூட்டர் அட்டையாக்கிக்கும். அதே கைப்பழக்கத்துல இங்கயும் கல்லு கணக்கை அடிச்சுட்டா. சந்தையில கேட்டது மூட்டைக் கணக்கு. கொழுந்தனாரே, திரையில நிக்கிற இந்தப் பொண்ணைச் சந்தைக்கு நடத்துங்க."

திரையில் ஆணிக்காரி சந்தைத் தெருவைக் கடந்து கணக்கப்பிள்ளை முன் போய் நின்றாள். அவர் மீசையை முறுக்கிக்கொண்டு சொன்ன வாசகம் திரையில் விரிந்தது: 'நூறு மூட்டை கேட்டீர். உம் கைக்காசுக்கு வந்த மட்டும் முன்பணம் பிடித்திருக்கிறேன். சரக்கு வரவில்லை. காசைத் திரும்ப வேண்டுமா?'

கொழுந்தன் 'வேண்டும்' என்று அழுத்தினான். பெட்டியில் பொற்காசு கொட்டும் ஓசை கேட்டுக்கொண்டே இருந்தது. ஆணிக்காரி வாயைப் பொத்திக்கொண்டாள். தம்பி பக்கம் திரும்பவே அவளுக்குத் துணிச்சல் வரவில்லை.

"அப்போ பை தைச்சது?" என்று தம்பி முதல் முறையாக வாயைத் திறந்தான்.

"தோலை எப்படி வேணா வளைச்சு வெட்டலாம், உனக்கு அது தெரியும். தைச்சவருக்குத் தெரியாது. உன் தோளுக்குப் பின்னால நின்னு பார்த்துக் கத்துக்கிட்டவர். கையில எது கிடைச்சாலும் ஓரத்துலேர்ந்து ஓரம் வரைக்கும் வெட்டித்தான் பழக்கம். மிச்சத்தை அளவுவாரியா அடுக்கித்தான் பழக்கம். காசு திரும்பி வர்றதை உங்க அக்கா யார்கிட்டயும் சொல்லலை, ஆனா அவருக்குத் தெரிஞ்சிருக்கு."

எல்லோரும் அப்பாவைப் பார்த்தார்கள். அவர் விரல் நுனியில் இருந்த பழைய வெட்டுக்காயத் தழும்பைத் தடவிக்கொண்டிருந்தார். "மதியம் கடையைச் சாத்தினதும் வந்து கொஞ்ச நேரம்..." என்று இழுத்தார். "காசு முழுசாச் சேர்ந்துட்டா ரெண்டு பேரும் பேசிக்குவீங்கன்னு நினைச்சேன்."

தம்பியின் முகம் மாறியது. கொழுந்தனுக்கு அந்தக் கணம் அங்கே நிற்கவே பிடிக்கவில்லை. புதிர் அவிழ்ந்த சந்தோஷம் போன இடம் தெரியவில்லை.

"அப்போ நீங்களும் நான்தான் எடுத்தேன்னு நினைச்சிருக்கீங்க."

"ஆமாடா." அப்பா மறுக்கவில்லை. "ஒரு வார்த்தை உன்னைக் கேட்டிருக்கணும். கேட்டா, நீ ஆமான்னு சொல்லிட்டா என்ன பண்றதுன்னு பயந்துட்டேன். எதைத் தொட்டாலும் உடைஞ்சுருமோன்னுதான் எனக்கு முதல்ல தோணுது."

தம்பி கதவு நிலையை விட்டு நகர்ந்தான். வந்து, அப்பாவை நாற்காலியில் உட்கார வைத்து, அவர் கையை மவுஸின் மேல் வைத்தான்.

"தோல் உடையாதுப்பா. இப்படி வளைச்சு வெட்டுங்க."

அப்பா மவுஸை நகர்த்தினார். கோடு பாதியில் எங்கோ போனது. தம்பி அதை அழித்துவிட்டு மறுபடி போடச் சொன்னான். மூன்றாவது முறை கோடு ஓரளவு வளைந்து வந்தது.

"நாளைக்கு ஸ்டேஷனுக்கு வாங்க" என்றான் அப்பாவிடம். பிறகு திரையிலிருந்து கண்ணை எடுக்காமல், பின்னால் நின்று அழுதுகொண்டிருந்த அக்காவிடம் சொன்னான்:

"நீயும்தான்."