அவருக்கும் ஒரு டார்ச்

மதகு வீட்டுக்கு நாங்கள் போய்ச் சேர்ந்தபோது வெயில் சுள்ளென்று அடித்துக்கொண்டிருந்தது. பேய்க் கதைக்கு ஒத்துவராத நேரம் என்று எனக்கும் தெரியும். என்ன செய்ய, அணைக்கட்டு ஆட்கள் வேலையைக் காலையில்தான் கொடுத்தார்கள்.

என் மாப்பிள்ளை டைவர். தண்ணீருக்கு அடியில் போய், மாட்டிக்கொண்டதை எடுத்துவிடுவது, உடைந்ததை ஒட்டவைப்பது அவர் வேலை. அவருடைய டார்ச்சுகளைத் துடைத்து, பூட்டி, சார்ஜ் போட்டுக் கொடுப்பது என் வேலை. மேலே நின்று கயிறு பிடிப்பதும் நான்தான். கிளம்பும்போது என் மகள் ஒன்றுதான் சொல்வாள்: "அப்பா, இவரை முழுசாக் கூட்டிட்டு வாங்க." ஏதோ பக்கத்து வீட்டில் இரவல் வாங்கிய பாத்திரத்தை என்னிடம் கொடுத்தனுப்புகிற மாதிரி சொல்வாள். அப்போது அவள் பிள்ளையும் உண்டாகியிருந்தாள். அதனால் அன்றைக்கு இரண்டு தடவை சொன்னாள்.

மதகு வீடு என்றால் ஒரே அறை. கருங்கல் சுவர். தரையின் நடுவில் கம்பி வேலி போட்ட சதுரக் கிணறு. ஏணி ஒன்று அதற்குள் இறங்கித் தண்ணீரில் மறைகிறது. வெளியே அடித்த வெயில் வாசற்படியோடு நின்றுவிட்டது. உள்ளே துருவும் வௌவால் எச்சமும் நனைந்த சாக்கும் கலந்த நாற்றம். கீழே தண்ணீர் சுவரில் மெல்ல மோதி, பின்வாங்கி, மறுபடி மோதியது. தூங்குகிறவன் மூச்சு மாதிரி என்று முதலில் நினைத்தேன். கொஞ்ச நேரம் கேட்டபிறகு, தூங்குகிற மாதிரி நடிக்கிறவன் மூச்சு என்று பட்டது.

அங்கே காவலுக்கு இருந்தவரை எல்லோரும் 'ரகசியம்' என்று கூப்பிட்டார்கள். எதையுமே கிசுகிசுவென்றுதான் சொல்வார். டீ குடிக்கிறீர்களா என்று அவர் கேட்டதை வைத்து, யாரையோ கொன்றுவிட்டார் என்றே நினைத்துவிட்டேன்.

வேலையை அவர்தான் விளக்கினார். கிணற்றின் அடியில் மதகுப் பலகைக்கு இடையில் ஒரு மரத்தடி சிக்கியிருக்கிறது. அதை எடுக்க வேண்டும். மதகுக்குப் பக்கத்திலேயே ஒரு பழைய சுரங்கம் உண்டு. கொஞ்ச தூரம் போய் முட்டிக்கொண்டு நிற்கும். ரொம்ப காலத்துக்கு முன்னால் இறங்கிய ஒரு டைவருக்கு டார்ச்சுக்குள் தண்ணீர் புகுந்து விளக்கு அணைந்துவிட்டது. இருட்டில் வெளியே வருகிற வழி என்று நினைத்து அந்தச் சுரங்கத்துக்குள் போய்விட்டார். அதன்பிறகு அவரும் வரவில்லை, உடம்பும் வரவில்லை. அதனால் யார் இறங்கினாலும் சுரங்க வாயில் எரிகிற டார்ச் ஒன்றைத் தொங்கவிட்டு வேலையைப் பார்ப்பது இங்கே வழக்கம். அது அவருக்கு. மேலே வரும்போது எடுத்துக்கொண்டு வந்துவிடலாம்.

தொங்கவிடாவிட்டால் என்ன ஆகும் என்று கேட்டேன்.

"கையில இருக்கிறதைக் கேப்பாரு," என்றார் ரகசியம்.

"கேட்டா?"

"குடுத்துடணும்."

பேய்க்கெல்லாம் நான் பயந்தவனில்லை. என் மாமியார் எங்களோடு இருந்த காலத்திலேயே அந்தப் பயம் முழுக்கச் செலவாகிவிட்டது. ஆனாலும் ஊர் வழக்கத்தை மீறுவானேன் என்று, வழக்கமான இரண்டு டார்ச்சுகளோடு மூன்றாவதாக ஒன்றையும் தயார் செய்தேன்.

டார்ச் தயார் செய்வது என்றால் எல்லோரும் பேட்டரியைத்தான் நினைக்கிறார்கள். உயிர் இருப்பது பேட்டரியில் இல்லை, மூடிக்குள் இருக்கும் ரப்பர் வளையத்தில். அதை ஊசியால் குத்தி எடுக்கக் கூடாது. விரலால் தள்ளி உருட்டி எடுக்க வேண்டும். துடைத்து, வெளிச்சத்தில் பிடித்து, மணலோ தூசியோ இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். ஒரே ஒரு தலைமுடி ஒட்டியிருந்தால் போதும், அந்த முடி வழியாக ஒரு ஏரியே உள்ளே வந்துவிடும். பிறகு கொஞ்சமாக கிரீஸ். வளையம் பளபளத்தால் போதும். வழித்துப் பூசினால் அதிலேயே அழுக்கு ஒட்டும். மூடியை முறுக்கி, வாளித் தண்ணீரில் அமுக்கி, குமிழி வருகிறதா என்று பொறுமையாகப் பார்க்க வேண்டும். மாப்பிள்ளைக்கு இதெல்லாம் வேலையற்றவன் வேலை.

"செத்தவருக்கு எதுக்கு மாமா இவ்வளவு? வாரண்டி கேட்டு வரப்போறாரா?" என்றார்.

சிரித்துவிட்டு டீ வாங்கப் போனேன். நான் திரும்பி வந்தபோது அவர் ஏணியில் பாதி இறங்கியிருந்தார். கட்டைவிரலை உயர்த்திக் காட்டிவிட்டு முங்கினார்.

கயிற்றை விட்டுக்கொண்டே குனிந்து பார்த்தேன். தண்ணீர் கறுப்பு. அதற்குள் பச்சையாக இரண்டு வெளிச்சங்கள் கீழே போயின. ஒன்று சுரங்கப் பக்கம் போய் நின்றது. மற்றொன்று மதகுப் பக்கம் போய் அங்கும் இங்கும் அசைந்தது. ஒருமுறை கயிற்றை இழுத்தேன். நலமா என்று அர்த்தம். பதிலுக்கு ஒரு இழுப்பு வந்தது, நலம்.

கிரீஸ் டப்பாவை வைக்கலாம் என்று பெட்டியைத் திறந்தேன்.

நான் தயார் செய்த மூன்றாவது டார்ச் பெட்டியிலேயே கிடந்தது.

காணாமல் போயிருந்தது, உதிரிப் பாகத்துக்காக ஒதுக்கி வைத்திருந்த பழைய டார்ச். வளையம் சப்பையாகி, வெடித்துப் போனது. செத்தவருக்கு இது போதும் என்று மாப்பிள்ளை மாற்றி எடுத்துப் போயிருக்கிறார்.

ரகசியத்திடம் சொன்னேன். அவர் கிணற்றைப் பார்த்தார். எனக்குப் பின்னால் வந்து நின்று கயிற்றை அவரும் பிடித்துக்கொண்டார்.

சுரங்க வாயில் இருந்த வெளிச்சம் மினுக்கியது.

மங்கியது.

அணைந்தது.

கீழே மோதிக்கொண்டிருந்த தண்ணீர்ச் சத்தமும் நின்றது.

மதகுப் பக்கம் இருந்த வெளிச்சம் அசையாமல் நின்றது. பிறகு மெதுவாகச் சுரங்கத்தை நோக்கி நகர்ந்தது. மாப்பிள்ளை அந்த டார்ச்சைச் சரிசெய்யப் போகிறார் என்று மனதைத் தேற்றிக்கொண்டேன். அப்போதுதான் கையில் இருந்த கயிற்றைக் கவனித்தேன்.

வெளிச்சம் போய்க்கொண்டிருந்தது.

கயிறு போகவில்லை.

கயிறு நேராக மதகுக்கு மேலேயே நின்றது. ஒருமுறை இழுத்தேன். பதில் இல்லை. மறுபடி இழுத்தேன். வெளிச்சம் சுரங்கத்துக்குள் நுழைந்து, சுருங்கி, ஒரு புள்ளியாகி மறைந்தது. கிணறு முழுக்க இருட்டு. என் மகளின் முகம் கண்முன் வந்து நின்றது.

அடியில் சின்னதாக இன்னொரு வெளிச்சம் எரிந்தது. மாப்பிள்ளையின் இரண்டாவது டார்ச். எரிந்த வேகத்தில் அதுவும் அணைந்தது.

உடனே கயிறு படபடவென்று உதறியது. நானும் ரகசியமும் கை தோல் உரிய இழுத்தோம்.

மாப்பிள்ளை ஏணியைக் கட்டிக்கொண்டு மேலே வந்தார். முழுசாகத்தான் வந்தார். இரண்டாவது டார்ச் இடுப்பில் இருந்தது. கையில் இருந்த பெரிய டார்ச் இல்லை. அதை மணிக்கட்டோடு பிணைத்து நான் போட்ட முடிச்சு, பல்லால் கடித்தாலும் அவிழாது. அது அறுபடவில்லை, பொறுமையாக அவிழ்க்கப்பட்டிருந்தது.

வலது கையை அவரால் திறக்க முடியவில்லை. நான்தான் விரல் விரலாகப் பிரித்தேன்.

உள்ளே அந்தச் சப்பை வளையம்.

"யாரோ கையில வெச்சு, ஒவ்வொரு விரலா மூடினாங்க மாமா," என்றார்.

இரண்டாவது டார்ச் எரியவில்லையா என்று கேட்டேன்.

"எரிஞ்சுச்சு. எரியாம இருந்திருக்கலாம்."

மகளிடம் வேலை தள்ளிப்போயிருக்கிறது என்று சொல்லிவைத்தோம். மாப்பிள்ளை வீட்டுக்குள் ஓரிடத்தில் உட்காரவில்லை. பகலிலேயே எல்லா விளக்கையும் போடுவார், குழாய் சொட்டினால் எழுந்து நிற்பார். மரத்தடி இன்னும் அங்கேயே இருந்தது. அடுத்த வாரம் மறுபடி இறங்கியே ஆகவேண்டும். எல்லோரும் அதையே நினைத்துக்கொண்டிருந்தோம்.

ரகசியம் மட்டும் தினமும் போன் செய்தார். சுரங்கத்துக்குள் டார்ச் இன்னும் எரிகிறதாம், இங்கும் அங்கும் நடமாடுகிறதாம். அந்த பேட்டரி அரை நாள்கூடத் தாங்காது, இதற்கு வாய்ப்பே இல்லை என்று விவரமாக எடுத்துச் சொன்னேன்.

"அவர்கிட்ட சொல்லிடட்டுமா?" என்று கேட்டார்.

ஒருநாள் விடிந்ததும் விடியாததுமாகப் போன் வந்தது. குரல் வழக்கத்தைவிடத் தாழ்ந்திருந்தது. வெளிச்சம் போய்விட்டதாம். அணைந்துவிட்டதா என்றேன்.

"இல்லை. மேல வந்துச்சு. ஏணி ஈரமா இருக்கு. தரையில வாசல்வரைக்கும் ஈரம்." கொஞ்சம் நிறுத்தினார். "உங்க வீட்டுப் பொருள்தானே. குடுத்துட்டுப் போக வருவாரு."

கொல்லைப்புறத்தில், முங்கிவிட்டு வந்த சாமான்களை நல்ல தண்ணீரில் ஊறவைக்க ஒரு தொட்டி வைத்திருக்கிறோம். போனைப் பிடித்தபடியே அங்கே போனேன். மாப்பிள்ளையும் பின்னாலேயே வந்தார்.

தொட்டியின் விளிம்பில் பெரிய டார்ச் இருந்தது. மூடி கழற்றி, பேட்டரியைத் தனியே எடுத்து, வளையத்தைத் துடைத்து ஒரு சுத்தமான துணிமேல் வைத்திருந்தது. எத்தனையோ வருஷமாக மாப்பிள்ளையிடம் தலைபாடாக அடித்துக்கொள்கிறேன், முங்கிவிட்டு வந்தால் இப்படி வையுங்கள் என்று. அவர் ஒருநாளும் செய்ததில்லை. முதல் முறையாக ஒருவர் ஒழுங்காகச் செய்திருந்தார்.

அடுப்படியிலிருந்து மகள் எட்டிப் பார்த்தாள். அவள் கண் முதலில் என்மேலும், பிறகு தன் புருஷன்மேலும் போய் நின்றது.

"ரெண்டு பேரும் இங்க இருக்கீங்க. அப்போ குளியலறையில யாருப்பா? ரொம்ப நேரமா தண்ணி ஓடுது."

வீட்டில் நாங்கள் மூன்றே பேர்.

மாப்பிள்ளையின் கை என் முழங்கையை இறுக்கியது. குழாய் ரிப்பேருக்கு ஆள் வந்திருக்கிறார் என்றேன். இந்த நிலையில் இருக்கிற பெண்ணிடம் வேறென்ன சொல்வது? அந்தக் குழாய் ரொம்ப நாளாக ஒழுகுகிறது, நன்றாகப் பார்க்கச் சொல்லுங்கள் என்று சொல்லிவிட்டு உள்ளே போனாள்.

குளியலறைக் கதவு உள்பக்கம் தாழிட்டிருந்தது. கதவின் அடியிலிருந்து சேறும் பாசியும் கலந்த தண்ணீர் வந்துகொண்டிருந்தது. தட்ட எனக்குக் கை வரவில்லை. வந்தவர் வந்துவிட்டார், குளித்துவிட்டுப் போகட்டும் என்று ஒரு துண்டை மடித்து வாசலில் வைத்துவிட்டு, கூடத்தில் சுவரைப் பார்த்து உட்கார்ந்துகொண்டோம்.

தண்ணீர்ச் சத்தம் நின்றது.

தாழ்ப்பாள் விலகியது.

எங்கள் முதுகுக்குப் பின்னால் பாசி வாடை ஒன்று, அவசரமே இல்லாமல், கடந்து போனது.

நெடுநேரம் கழித்துத்தான் எழுந்து பார்த்தேன். குளியலறை காலி. துண்டும் இல்லை. மாப்பிள்ளை முதல் முறையாக மூச்சை முழுதாக விட்டார். கொடுக்க வந்தவர் கொடுத்துவிட்டுப் போய்விட்டார் என்றேன். அவருக்கும் அப்படித்தான் பட்டது.

அப்போது படுக்கையறையிலிருந்து மகளின் குரல் வந்தது.

"அப்பா, அந்த ஆளை எதுக்கு இங்கெல்லாம் விட்டீங்க? ஈரத் துண்டைக் கட்டில் மேல மடிச்சு வெச்சிருக்காரு. இவர் படுக்கிற பக்கம் தலையணையெல்லாம் நனைஞ்சு கிடக்கு."

அன்றிலிருந்து மூவரும் கூடத்தில்தான் படுக்கிறோம். மெத்தையைத் தினமும் வெயிலில் போடுகிறோம். ஒரு பக்கம் மட்டும் காயமாட்டேன் என்கிறது.