பல்லியின் மஜ்ஜை எங்கே?

"குப்பியைக் காணோம்!"

ஆபரேஷன் தியேட்டரே அதிரும்படி அலறினான் லேப் டெக்னீஷியன்.

அவன் கையில் குளிர்பெட்டி. பெட்டிக்குள் ஐஸ் இருந்தது. ஐஸுக்கு நடுவே ஒரு குழி இருந்தது. குழிக்குள் இருக்க வேண்டியது மட்டும்... இல்லை!

மேஜையில் மல்லாந்து கிடந்த பல்லிக்குப் பகீரென்றது.

பல்லி என்பது போலீஸ் வைத்த பெயர். எந்தச் சுவராக இருந்தாலும் ஏறிவிடுகிற திருடன். போன வருஷம் மூன்றாவது மாடிக் குழாய் ஒன்று கையோடு பெயர்ந்து வர, தொடை எலும்பு இரண்டாக முறிந்து, போலீஸில் மாட்டினான். உள்ளே ராடு செருகித் திருகு போட்டார்கள். மாதக்கணக்கில் காத்திருந்தார்கள். ம்ஹூம்... எலும்பு சேரவே இல்லை.

இன்று மறுபடியும் ஆபரேஷன். முதுகில் போட்ட ஊசியில் இடுப்புக்குக் கீழே மரத்துப் போயிருந்தது. மேலே முழு விழிப்பு. பழைய ராடை உருவிவிட்டு, அதைவிடத் தடிமனான ராடைச் சுத்தியலால் தட்டி இறக்கியிருந்தார் எலும்பு டாக்டரம்மா. அடுத்து, முறிந்த இடத்தில் வைக்க வேண்டியதுதான் அந்தக் குப்பி. பல்லியின் இடுப்பெலும்பு மஜ்ஜையிலிருந்து எடுத்து, லேபில் வாரக்கணக்கில் வளர்த்த உயிரணுக்கள்!

"வேற குப்பி இருக்கா?" டாக்டரம்மாவின் குரல் கடுகடுத்தது.

"இவர்கிட்ட எடுத்தது இவருக்கு மட்டும்தான் மேடம். ஸ்டாக் எல்லாம் கிடையாது. ஐஸை விட்டு வெளிய எடுத்தா ஒரு மணி நேரம் உசிரோட இருக்கும்... அவ்வளவுதான்."

"அது இல்லாம எலும்பு சேராதா டாக்டரம்மா?" பல்லி தலையைத் தூக்கினான்.

"போன தடவை சேர்ந்துதா? இது புது வைத்தியம். நிச்சயமா சேரும்னு நான் சொல்ல மாட்டேன். ஆனா உன் எலும்புக்கு இதைவிட நல்ல வாய்ப்பு இல்ல. இதுவும் போச்சுன்னா ஆயுசுக்கும் ஊன்றுகோல்தான்."

"கதவைச் சாத்துங்க. யாரும் வெளிய போகக் கூடாது!"

இது இன்ஸ்பெக்டர். கைதிக்குக் காவலாகப் பச்சை கவுன் மாட்டி உள்ளேயே நின்றிருந்தார். அவருடைய மீசை மாஸ்க்குக்குள் அடங்காமல் இரு பக்கமும் எட்டிப் பார்த்தது.

"டேய்... எங்கடா வச்சிருக்கே?"

"நானா?"

"இந்த ரூம்ல திருடன் நீ ஒருத்தன்தானே?"

"சார், என் காலு எங்க இருக்குன்னே எனக்குத் தெரியல."

பல்லி கண்களைச் சுழலவிட்டான். எல்லாரும் பச்சை. எல்லாருக்கும் தொப்பி, மாஸ்க். டெக்னீஷியன் அலறியதும் ஆளாளுக்குப் பதறி ஓடினார்கள். ஒரே ஒரு உருவம் மட்டும் ஓடவில்லை. மூலையில், இரண்டு கைகளையும் வயிற்றோடு அழுத்திக்கொண்டு... சிலையாக நின்றது.

மடியில் பொருள் இருப்பவன் ஓட மாட்டான். தொழிலில் பல்லி படித்த முதல் பாடம்!

அந்த மாஸ்க்குக்கு மேலே இருந்த கண்களைப் பார்த்தான்.

கல்யாணமான நாளிலிருந்து அவனை முறைத்துக்கொண்டிருக்கும் கண்கள்.

அவன் மனைவி!

"ஹார்ட் ரேட் ஏறுதே..." தலைமாட்டில் இருந்த மயக்க டாக்டர் குனிந்தார். "பயமா இருக்காப்பா?"

"ஆமா சார். ரொம்ப வருஷமா."

சொன்னால் அவள் ஸ்டேஷனுக்குப் போவாள். சொல்லாவிட்டால் கால் போய்விடும். பல்லி கண்ணாலேயே கெஞ்சினான். அந்தக் கண்கள் இமைக்கக்கூட இல்லை.

"ஒவ்வொருத்தரா சோதனை போட்டுட வேண்டியதுதான்." இன்ஸ்பெக்டர் மூலையை நோக்கி நடந்தார். நாலடி... மூன்றடி...

"சார்! நான்தான் எடுத்தேன்."

இன்ஸ்பெக்டர் திரும்பினார். "எப்படிடா?"

"எடுத்து... முழுங்கிட்டேன்."

"மேடம், இவன் வயித்தை அறுத்து எடுக்க முடியுமா?"

"நான் எலும்பு டாக்டர்," என்றார் டாக்டரம்மா எரிச்சலாக.

"பொய் சொல்றாரு." மூலையிலிருந்து குரல். அந்த உருவம் மாஸ்க்கைக் கழற்றியது. "இவருக்கு மாத்திரையே முழுங்கத் தெரியாது. நான்தான் எடுத்தேன்."

"நீ எப்படிம்மா உள்ள வந்தே?" அதட்டினார் இன்ஸ்பெக்டர்.

"பச்சை டிரஸ் மாட்டிக்கிட்டேன். யாரும் ஒண்ணும் கேக்கல. இந்த நர்ஸம்மா, சும்மா நிக்காம அந்தப் பெட்டியைப் பிடின்னாங்க. பிடிச்சேன்."

நர்ஸ் அவசரமாக விளக்கைத் துடைக்கப் போய்விட்டாள்.

"ஏன்டி இப்படிப் பண்ணே?" என்றான் பல்லி.

"கால் சேர்ந்தா நீ மறுபடியும் குழாய்ல ஏறுவே. இந்தத் தடவை தொடை. அடுத்த தடவை கழுத்து. நொண்டிப் புருஷனோட குடும்பம் நடத்திடலாம். செத்த புருஷனோட முடியுமா?"

பல்லிக்கு அழுகை வந்துவிட்டது. கைகள் கட்டப்பட்டிருந்ததால் மயக்க டாக்டர்தான் துடைத்துவிட்டார்.

"இனிமே ஏற மாட்டேன். சத்தியமா."

"இந்தச் சத்தியம் நிறைய கேட்டாச்சு. நீ ஜெயில்ல இருந்தாதான் குழாய் ஏற மாட்டே. அடிச்ச வீடு அத்தனையும் இன்ஸ்பெக்டர்கிட்ட சொல்லு. அப்புறம் தரேன்."

"சீக்கிரம் சொல்லித் தொலைப்பா," என்றார் டாக்டரம்மா. "தொடையைத் திறந்து போட்டுட்டு நிக்கறேன்."

பல்லி சொன்னான். வக்கீல் வீடு, நகைக்கடைக்காரர் வீடு, பல் டாக்டர் வீடு... இன்ஸ்பெக்டர் கையுறை வந்த உறையைக் கிழித்து, அதன்மேல் எழுதிக்கொண்டே வந்தார். திடீரென்று பல்லி நிறுத்தினான்.

"ம்... மிச்சத்தையும் சொல்லு," என்றாள் மனைவி.

"சார்... உங்க மாமியார் வீடு."

இன்ஸ்பெக்டரின் பேனா பாதியில் நின்றது.

"அந்த பீரோவைக் காலி பண்ணது... நீயா?" இன்ஸ்பெக்டரின் மீசை நடுங்கியது. "நான்தான் எடுத்தேன்னு ரெண்டு வருஷமா அந்தம்மா என்னை வாசப்படி ஏற விடல! டாக்டர், இவன் கால் சேர்ந்தே ஆகணும். நடந்து வந்து அந்தம்மா முன்னாடி நின்னு சொல்லணும். அம்மா, தாயே... குப்பியைக் குடும்மா."

"என் மேல கேஸு?"

"கேஸா? புருஷன் மஜ்ஜையைப் பொண்டாட்டி எடுத்தா அது குடும்ப விஷயம்!"

அவள் கவுனுக்குள்ளிருந்து குப்பியை எடுத்தாள். சீல் உடையவில்லை. டெக்னீஷியன் ஒரு சொட்டை மைக்ராஸ்கோப்பில் பார்த்துவிட்டு, "உசிரோட இருக்கு மேடம்," என்றான். டாக்டரம்மா முறிவைச் சுற்றிப் பக்குவமாக வைத்துத் தைத்து முடித்தார்.

"எக்ஸ்ரேல எலும்பு சேர்ந்தது தெரியற வரைக்கும் ஊன்றுகோல். அப்புறம் நல்லா நடக்கலாம்."

"முதல்ல மாமியார் வீடு... அப்புறம் நேரா ஜெயில்," இன்ஸ்பெக்டர் குஷியாகக் கையுறையை உருவினார்.

மனைவி தயங்கித் தயங்கி அவர் பக்கத்தில் வந்தாள்.

"சார், ஒரு சின்ன உதவி. ஜெயில்ல இவருக்குத் தரைத்தளத்துலயே ஒரு ரூம் பார்த்துக் குடுங்க. மாடியைப் பார்த்தா இவருக்குக் கால் சும்மா இருக்காது."