ஆள் இரண்டு

வலது பக்கம் மட்டுமே துடுப்பு போட்டுக்கொண்டிருந்தால் படகு இடது பக்கமாகத் திரும்ப வேண்டும். அதை யாக்கோபுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. இந்த நீலப் படகைத் தன் கையால் செய்து, இதே பிள்ளைப்பாக்கம் ஏரியில் விட்டுப் பழகியவன் அவன். கரையிலிருந்து வெகுதூரம் தள்ளி வந்த பிறகுதான், தோள் ஏன் இப்படி வலிக்கிறது என்று யோசித்தான். புறப்பட்டதிலிருந்து ஒரு தடவைகூடத் துடுப்பை இடது கைக்கு மாற்றவில்லை என்பது அப்போதுதான் தெரிந்தது. படகோ நூல் பிடித்த மாதிரி நேராகப் போய்க்கொண்டிருந்தது.

துடுப்பை மடியில் வைத்துக்கொண்டு, காற்று எந்தப் பக்கமிருந்து வருகிறது என்று பார்த்தான். காற்றே இல்லை. ஐப்பசி மாதத்து மாலை. மணி ஆறுகூட ஆகியிருக்காது, ஆனால் மேகம் கவிந்து கரையோரப் பனைமரங்களைக் கரிக்கோடுகளாக்கியிருந்தது. தண்ணீர் எண்ணெய் போல அசையாமல் கிடந்தது. அழுகிய கோரைப்புல்லின் வாடையும், நான்கு மாதம் வெயிலிலும் மழையிலும் கிடந்த பைபரின் புளித்த வாடையும், அவற்றுக்கு அடியில், ஈரத்துணியை மூட்டையாகக் கட்டி மறந்துவிட்டால் வருமே, அந்த வாடையும் அவன் முதுகுப் பக்கமிருந்து வந்தன.

பின்பலகையில் இன்னொரு துடுப்பு கிடந்தது. அவன் திரும்பிப் பார்க்கவில்லை. அது திருநாவுக்கரசு உட்காரும் இடம்.

இரண்டு பேரும் ஸ்ரீபெரும்புதூரில் பைபர் தண்ணீர்த்தொட்டி செய்யும் கம்பெனியில் ஒரே ஷிப்டில் வேலை பார்த்தவர்கள். கம்பெனியில் மிஞ்சிய ரெசினையும் கண்ணாடிநார்த் துண்டுகளையும் சூப்பர்வைசரிடம் கேட்டு வாங்கிவந்து, போன வருடம் கோடை முழுக்க, ஞாயிற்றுக்கிழமைகளில் சர்ச் முடிந்து வந்ததும் வீட்டுக்குப் பின்னால் குந்திக்கொண்டு யாக்கோபு இந்தப் படகைச் செய்தான். மீன் பிடிக்க இல்லை. மணல் அள்ள இல்லை. தண்ணீரின் நடுவில் போய்ச் சும்மா உட்கார்ந்திருக்க ஆசை, அவ்வளவுதான். ஊரில் எல்லோரும் சிரித்தார்கள். அரசு ஒருத்தன்தான், "நானும் வரேண்ணா" என்று பின்பலகையில் ஏறி உட்கார்ந்தான். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலங்களில் முன்னால் யாக்கோபு வலப்பக்கம் போட, பின்னால் அரசு இடப்பக்கம் போட, நடு ஏரிக்குப் போய்ப் பீடி குடித்துவிட்டுத் திரும்புவார்கள்.

மே மாதம் ஸ்ரீபெரும்புதூரில் குண்டு வெடித்தது. அதற்குப் பிறகு பஸ்ஸை நிறுத்தினார்கள், சைக்கிளை நிறுத்தினார்கள், பால்கேனைத் திறந்து மோந்து பார்த்தார்கள். ஜூன் மாதம் லாரியில் ஒரு இன்ஜின் படகு வந்து ஏரியில் இறங்கியது. அதில் காக்கிச்சட்டைகளோடு, கடலோரத்தில் எல்லைக் காவல் பார்த்துவிட்டு வந்த இரண்டு அதிகாரிகளும் இருந்தார்கள். கடல் இங்கிருந்து எத்தனையோ மைல்.

"எங்கிருந்து வர்றீங்க?" என்று அவர்களில் ஒருவர், இன்ஜினை நிறுத்திவிட்டுக் கேட்டார்.

"பிள்ளைப்பாக்கம் சார்," என்றான் யாக்கோபு.

"எங்க போறீங்க?"

"எங்கயும் இல்ல சார். சும்மா."

"சும்மான்னா?"

"சும்மாதான் சார்."

"சும்மா எவன்டா படகு வுடுவான்?" என்று ஒரு போலீஸ்காரர் கத்தினார். அதிகாரி கத்தவில்லை. படகுக்கு லைசென்ஸ் உண்டா, ரேஷன் கார்டு உண்டா, பாஸ்போர்ட் உண்டா என்று வரிசையாகக் கேட்டு ஒவ்வொன்றுக்கும் 'இல்லை' என்று எழுதிக்கொண்டார்.

அரசு சிரித்துவிட்டான். "ஏரிக்கு இன்னாத்துக்கு சார் பாஸ்போர்ட்டு? எதிர்க்கரை வேற நாடா?"

யாரும் கூடச் சிரிக்கவில்லை. அதிகாரி தலையைத் தூக்காமலே அதையும் எழுதினார்.

அவர்களைக் கொண்டுபோன இடம் எது என்று யாக்கோபுக்கு இன்றுவரை தெரியாது. கண்ணைக் கட்டியிருந்தார்கள். படகு யாருடையது, யார் செய்யச் சொன்னது, யாரை அக்கரைக்குக் கொண்டுபோனீர்கள் என்ற மூன்று கேள்விகளே மாற்றி மாற்றி வந்தன. பக்கத்து அறையிலிருந்து முதலில் அரசு பேசுகிற சத்தமும், பிறகு கத்துகிற சத்தமும், அதற்குப் பிறகு வாளியில் தண்ணீர் முகக்கிற சத்தமும் கேட்டன. வாளிச் சத்தம் மட்டும் நீண்ட நேரம் கேட்டது. இரண்டாம் நாள் ஒரு காகிதத்தை நீட்டினார்கள். 'படகு திருநாவுக்கரசுடையது. செய்தது அவன். அவன் அழைத்ததால் ஏறினேன்' என்று அதில் இருந்தது. யாக்கோபு படித்துப் பார்த்துவிட்டுத்தான் கையெழுத்துப் போட்டான். சாயங்காலமே அவனை விட்டுவிட்டார்கள்.

அரசு வரவில்லை. கேட்டபோதெல்லாம், "அவனை அப்பவே வுட்டாச்சு, எங்க போனானோ" என்ற பதில்தான் கிடைத்தது. அவனுடைய அம்மா சந்திரம்மாள் ஏரிக்கரையில் போட்டிருந்த போலீஸ் சாவடிக்குத் தினமும் போய் நின்றாள். யாக்கோபு அவள் வருகிற தெருவை விட்டுவிட்டு வேறு தெருவில் போகப் பழகிக்கொண்டான். போலீஸிடமிருந்து கேஸ் முடிந்தது என்று எழுதி வாங்கிவந்தால்தான் கேட்டுக்குள் விடுவோம் என்று கம்பெனியில் சொல்லிவிட்டார்கள். நான்கு மாதம் அவன் மனைவி ஜாஸ்மின் வீடு வீடாகப் பாத்திரம் தேய்த்தாள்.

இன்று மத்தியானம்தான் ஆள் அனுப்பினார்கள். சாவடியைக் காலி செய்துகொண்டிருந்தார்கள். கட்டில், மேசை, கொடிக்கம்பம் எல்லாம் வேனில் ஏறிவிட்டிருந்தன. ரைட்டர் இராமச்சந்திரன் கவிழ்த்துப் போட்ட பெட்டியின் மேல் ரெஜிஸ்டரை வைத்துக்கொண்டிருந்தார்.

"படகை எடுத்துக்கினு போ. இதுல ஒரு கையெழுத்து. இது உன் கம்பெனிக்கு லெட்டர்."

யாக்கோபு குனிந்து படித்தான். *பைபர் படகு ஒன்று. துடுப்பு இரண்டு. ஆள் இரண்டு. மேற்படி அனைத்தும் நல்ல நிலையில் பெற்றுக்கொண்டேன்.*

"சார், ஆள் ரெண்டுன்னு..."

"பிடிச்சது ரெண்டு. வுட்டது ரெண்டு. கணக்கு சரியா இருக்கணும்ல?"

"அரசு வரலியே சார். நான் எப்பிடி சார் வாங்கிக்கினேன்னு போடறது?"

ரைட்டர் பேனாவை மூடினார். கம்பெனி லெட்டரை மடித்துச் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டார். "அப்ப இன்னும் கொஞ்ச நாள் ஆவும்," என்றார் சாவகாசமாக.

யாக்கோபு பேனாவைக் கேட்டு வாங்கிப் போட்டான்.

படகை ஊர்ப்பக்கத்துக் கரைக்குக் கொண்டுபோகச் சாவடியிலிருந்து புறப்பட்டிருந்தான். இப்போது அந்த லெட்டர் அவன் சட்டைப் பையில் இருந்தது. அதைத் தொட்டுப் பார்த்துக்கொண்டான். மறுபடி துடுப்பை எடுத்து, வேண்டுமென்றே வலப்பக்கம் ஒரு போடு போட்டு, நிறுத்தி, காது கொடுத்தான்.

சளப்.

அவனுடைய துடுப்பிலிருந்து வந்த சத்தம் அல்ல. பின்னால், இடப்பக்கம். அவன் போட்டதற்கு ஒரு மூச்சு தள்ளி, எப்போதும் வருகிற அதே இடைவெளியில்.

மீன் துள்ளியிருக்கும் என்று வாய்விட்டே சொன்னான். குரல் தண்ணீர்மேல் போய்த் திரும்பி வரவில்லை. இன்னொரு போடு போட்டான். சளப். இன்னொன்று. சளப். நிறுத்தினான். பின்னால் இருப்பதும் நிறுத்தியது. துடுப்பு முனையிலிருந்து ஏரியில் நீர் சொட்டுவது கேட்டது. அவன் துடுப்பு மடியில் இருந்தது. சொட்டு வேறு இடத்தில் விழுந்துகொண்டிருந்தது.

திரும்பினால் தெரிந்துவிடும். திரும்பாதவரை அது மீன். ஆகவே அவன் எதிர்க்கரையையே பார்த்துக்கொண்டு, பல்லைக் கடித்துக்கொண்டு, வேக வேகமாகத் துடுப்பு போட்டான். பின்னால் இருப்பதும் வேகமாகப் போட்டது. படகு இத்தனை வேகமாக ஒரு நாளும் போனதில்லை.

அப்போது இன்ஜின் சத்தம் கேட்டது.

அந்தச் சத்தத்தை அவன் எங்கே கேட்டாலும் அடையாளம் சொல்வான். முதலில் இருமல். பிறகு அடித்தொண்டையில் ஒரு உறுமல். பிறகு டீசல் நாற்றம். ஆனால் அந்த இன்ஜின் படகை ஆகஸ்டிலேயே லாரியில் ஏற்றிக்கொண்டு போய்விட்டார்கள். கயிறு கட்டும்போது அவனே கூட்டத்தோடு நின்று பார்த்தான். ஏரியில் வேறு படகு கிடையாது.

சத்தம் நெருங்கி வந்து நின்றது. வெளிச்சம் முகத்தில் அடித்தது. வெளிச்சத்துக்குப் பின்னால் படகு தெரியவில்லை, ஆள் தெரியவில்லை. குரல் மட்டும் வந்தது. கத்தாத குரல்.

"எங்கிருந்து வர்றீங்க?"

"பிள்ளை... பிள்ளைப்பாக்கம் சார்."

"எத்தனை பேர்?"

"ஒருத்தன்தான் சார். நான் மட்டும்தான்."

காகிதம் புரட்டும் சத்தம். வெளிச்சம் மெதுவாக அவன் முகத்தை விட்டு நகர்ந்து, தோளைக் கடந்து, பின்பலகைக்குப் போனது. அங்கேயே நின்றது. யாக்கோபு தன் முழங்காலைப் பார்த்துக்கொண்டிருந்தான். முதுகுக்குப் பின்னால் யாரோ கையைத் தூக்குவது போலத் துணி உரசியது. துடுப்பு பலகைமேல் பதவிசாக வைக்கப்படும் சத்தம் கேட்டது.

"ரெண்டு," என்றது குரல். பேனா கீறியது. "சரியா இருக்கு. போலாம்."

வெளிச்சம் அணைந்தது. இன்ஜின் மறுபடி இருமவில்லை. போன சத்தமே இல்லை.

அதற்குப் பிறகு அவன் துடுப்பு போடவில்லை. படகு போனது.

கரை வந்தது. யாரோ நின்றிருந்தார்கள். தலையில் முக்காடு. கையில் அரிக்கேன். படகின் மூக்கு சேற்றில் மோதி நின்றபோதுதான் அது சந்திரம்மாள் என்று தெரிந்தது. நான்கு மாதத்தில் பாதியாகியிருந்தாள்.

"ரைட்டர் வூட்டுக்கே ஆள் அனுப்பிச் சொல்ட்டாருப்பா," என்றாள். மூச்சு வாங்கியது. "ரெண்டு பேரையும் ஒப்படைச்சாச்சு, நீ கையெழுத்துப் போட்டு வாங்கிக்கினன்னு. நீ நல்லா இருப்பே யாக்கோபு. உன் புள்ளகுட்டிங்க நல்லா இருக்கும்."

அப்போது சொல்லியிருக்கலாம். யாரையும் ஒப்படைக்கவில்லை, வேலைக்காகக் கையெழுத்துப் போட்டேன், ஜூன் மாதமும் ஒரு கையெழுத்துப் போட்டேன் என்று. வாயைத் திறந்தான். சட்டைப் பையில் லெட்டர் மொடமொடத்தது. வாயை மூடிக்கொண்டான்.

அவள் அதற்குள் முழங்கால் தண்ணீரில் இறங்கிவிட்டாள். அரிக்கேனைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு அவனைத் தாண்டிப் பின்பக்கம் போனாள். அவள் முகம் மலர்வதை அவன் மிகப் பக்கத்தில் பார்த்தான்.

"வந்துட்டியாடா," என்றாள். "இன்னாடா இப்பிடி நனைஞ்சிருக்கே? பார்த்து. பார்த்து எறங்கு."

படகு ஒரு ஆட்டம் ஆடி, லேசானது. தண்ணீரில் தொம்மென்று ஒன்று இறங்கியது. சேறு சளக் சளக்கென்று மிதிபட்டது. அவளோடு இன்னொரு ஜோடிக் கால்.

யாக்கோபு முகத்தைக் கைகளால் பொத்திக்கொண்டான். பிறகு விரலிடுக்கு வழியாகப் பார்த்தான். பார்க்காமல் இருக்க முடியவில்லை.

சந்திரம்மாள் கரைமேல் நின்றிருந்தாள். அரிக்கேன் தரையில் இருந்தது. அவளுக்கு எதிரே வெறும் இடம். பின்னால் கோரைப்புல் தெரிந்தது. அவள் எக்கி நின்று, முந்தானையை விரித்து, அந்த வெறும் இடத்தின் மேல் போட்டாள்.

துணி கீழே விழவில்லை.

"சளி புடிச்சுக்கும்டா. தலையைக் குனி."

துணி குனிந்தது. அவள் அழுத்தித் துடைக்கத் துடைக்க அது நனைந்து ஒட்டியது. முதலில் நெற்றி. பிறகு மூக்கு, ஒரு பக்கமாக மடங்கியிருந்தது. பிறகு வாய். வாய் திறந்திருந்தது. அதன் வழியாகத் தண்ணீர் அவள் புடவையெல்லாம் வழிந்துகொண்டே இருந்தது, வாளி வாளியாக, நிற்காமல். அவள் அதைக் கவனித்ததாகவே தெரியவில்லை.

"மூச்சு வுடுடா ராசா," என்றாள் சந்திரம்மாள், கன்னத்தைத் தட்டி. "வூட்டுக்கு வந்துட்டே. மூச்சு வுடு."

வாய் இருந்த இடத்தில், ஈரத்துணி மெல்ல மெல்ல உள்பக்கமாகக் குழிந்தது.