நான்கு நாற்பதுக்கு வந்து சேர்ந்தது

நான்கு நாற்பதுக்கு விமானம் வந்து இறங்கியதாகப் பதிவேட்டில் எழுதி, கையெழுத்துப் போட்டு, தலைமையகத்துக்குச் செய்தியும் அனுப்பிவிட்டு நிலைய மேலாளர் நிமிர்ந்தபோது ஓடுபாதையில் விமானம் இல்லை.

அதில் அதிசயம் ஒன்றுமில்லை. எப்போதும் அப்படித்தான். இரண்டு தீவுகளுக்கும் நடுவே நூற்றெண்பது கிலோமீட்டர் கடல். பயண நேரம் நாற்பத்தைந்து நிமிடம். அந்தப் பக்கத்திலிருந்து கிளம்பிவிட்டதாகத் தொலைபேசி வந்ததுமே கூட்டிப் பார்த்து வருகை நேரத்தை எழுதிவிடுவார். காற்று, மேகம் போன்ற அற்ப விஷயங்களுக்காக நேரந்தவறாமைக் கேடயத்தை விட்டுக்கொடுக்க அவர் தயாராக இல்லை. ஊழியர்கள் அவரை முதுகுக்குப் பின்னால் ‘நிமிஷம்’ என்றார்கள். ஊழியர்கள் என்றால், சுமை தூக்கும் ஆள் ஒருவர்தான்.

அந்த ஆள்தான் இப்போது வாசலில் நின்று காதைத் தீட்டிக்கொண்டிருந்தார்.

“இன்னும் சத்தத்தையே காணோமே சார்.”

“எதிர்க்காத்தா இருக்கும்யா.”

“காத்தே இல்லியே. மணி அஞ்சாச்சு. பாப்பா வேற அதுலதான வருது? தேடச் சொல்லி ஒரு போன் போட்டுருங்க.”

“வந்துருச்சுன்னு எழுதிக் குடுத்ததை எப்படிய்யா தேடச் சொல்றது?”

“அதத்தான் சார் நானும் கேக்குறேன்.” அவர் பதிலுக்கு நிற்காமல் கடற்கரைப் பக்கம் ஓடினார்.

விடுதியிலிருந்து விடுமுறைக்கு வரும் மகள். ஜன்னலோர இருக்கை கேட்டு அடம்பிடித்தவள். மேலாளர் தொலைபேசியை எடுத்தார், கேடயம் நினைவுக்கு வந்தது, வைத்தார். இன்னும் ஐந்து நிமிடம் பார்க்கலாம். அப்படி நான்கு முறை பார்த்தார். சாய்ந்த வெயில் காலி நாற்காலிகளின் மேல் மஞ்சளாகப் படிந்து கிடக்க, மெழுகிய தரையின் வாசனைக்கு அடியிலிருந்து உப்பும் எரிபொருளும் கலந்த ஒரு நெடி மெல்ல மெல்ல மேலேறி வர, அவர் மூச்சைக்கூட அடக்கிக்கொண்டு வானத்தைக் கேட்டார். ஒரு முனகல் கூட இல்லை.

ஐந்து இருபது. எரிபொருள் தீர்ந்திருக்கும் நேரம். தலைமையகத்தை அழைத்தார்.

“விமானம் வரல. உடனே தேடணும்.”

“நாலு நாப்பதுக்கே வந்துருச்சே சார்,” என்றது ஒரு சிரித்த குரல். “கையெழுத்துகூட போட்டிருக்கீங்க.”

“அது நான் சும்மா எழுதினது. என் பொண்ணு அதுல இருக்காய்யா.”

“வீட்டுக்குக் கூட்டிட்டுப் போங்க சார். சந்தோஷமா இருங்க.”

தொடர்பு அறுந்தது.

வருகைக் கதவு திறந்தது.

ஓடுபாதை காலி. ஆனால் அவர்கள் வந்தார்கள். ஒருவர் பின் ஒருவராக. பதினோரு பேர். காலடிச் சத்தம் இல்லை. யாரும் அவரைப் பார்க்கவில்லை. நாற்காலிகளில் வரிசையாக உட்கார்ந்தார்கள், இடுப்பில் இல்லாத பட்டையைப் பூட்டினார்கள்.

கடைசியாக, பன்னிரண்டாவதாக, மகள்.

நேராக அவரிடம் வந்தாள். தலைமுடி நீருக்குள் இருப்பதுபோல் மேலெழுந்து மிதந்தது. தரை காய்ந்திருந்தது.

“கண்ணு,” என்றார்.

அவள் பதில் சொல்ல வாயைத் திறந்தாள். உள்ளேயிருந்து, எங்கோ வெகு தொலைவிலிருந்து, இயந்திர இரைச்சல் கேட்டது. நெருங்கியது. இறங்கியது. வாய் இன்னும் அகலத் திறந்தது. பின்னால் பதினோரு வாய்களும் திறந்தன.

கண்ணாடிகள் அதிர்ந்தன.

அவள் மூடவில்லை.