கொடியில் சொட்டிய கறுப்பு

அன்று மழை பெய்ததா என்பது எனக்கு நிச்சயமில்லை. பெய்தது என்பான் ரம்ஸி. பேசியவை நினைவிருக்கின்றன. பேசாமல் இருந்த நேரங்கள் அதைவிட நன்றாக.

அலெக்ஸாந்திரியாவின் புகைப்படக் காப்பகம் ஒன்றில் அப்போது எனக்கு வேலை. மறுநாள் கண்காட்சி. கறுப்பு உடுத்த ஷஹீரா என்ற பெண், தலைவி ஸஃபீனாஸின் மேசையில் எங்கள் அழைப்பிதழைப் போட்டாள். அதில், மொட்டைமாடிப் புறாக்கூண்டருகே நிமிர்ந்து சிரிக்கும் சிறுமி. அவள் மகள் ஜுமானா.

"யாரைக் கேட்டுப் போட்டீங்க? எம் புருஷன் செத்ததுமே, அவரோட அண்ணனுங்க புள்ளையப் பறிச்சுடுவாங்கன்னு அந்த வாரமே தந்தா ஊர்லேர்ந்து ஓடி வந்தவ நான். இதுல பின்னாடி பள்ளிவாசல் கோபுரம் தெரியுது. இது தெருச்சுவர்ல ஏறினா நேரா வாசல்ல வந்து நிப்பாங்க!"

ஸஃபீனாஸ் உடனே வழக்கறிஞருக்கு ஆளனுப்பினாள். படங்களை நன்கொடையாகத் தந்த புகைப்படக்காரர் வக்தி, எல்லாக் குழந்தைகளுக்கும் பெற்றவர்கள் சம்மதம் உண்டென்று எழுதிக் கொடுத்திருந்தார். அது உண்மையானால் அதே படத்தோடு அச்சான சுவரொட்டிகள் ஊரெங்கும் போகலாம். பொய்யானால் பழி காப்பகத்தின் தலையில்.

வழக்கறிஞர் இஸ்மத் அம்மையார் வந்தார். எல்லாரும் அவரை மரியாதையாக உஸ்தாஸா என்பார்கள். அவருடைய உதவியாளன் ரம்ஸிதான் முதலில் வாய் திறந்தான்.

"உஸ்தாஸா, இது நஷ்டஈட்டுக்குப் போடற நாடகம். அன்னிக்குச் சரின்னுட்டு இன்னிக்குப் பல்டி."

"வாய மூடிட்டுக் கண்ணத் திற. பின்னாடி இருக்கற துணிக்கொடியப் பாரு."

ரம்ஸி பெரிய பிரதியின் மேல் குனிந்தான். "கறுப்புத் துணி. அட, ஒரு சின்னச் சட்டையில கறுப்புக்கு அடியில பூ தெரியுதே. தரையில ஈரம்."

"என்ன நிறம்?"

"அதுவும் கறுப்பு."

அம்மையார் தலையசைத்தார். பிறகு ஷஹீராவைப் பக்கத்து அறையில் உட்காரச் சொல்லிவிட்டு வக்தியை வரவழைத்தார்.

"அந்தம்மாவப் பாத்துக் கேட்டீங்களா?"

"கேக்காம? உள்ள கூப்பிட்டு உக்கார வெச்சாங்க. எடுத்த கையோட படத்தக் காட்டினேன். தாராளமா யாருக்கு வேணாலும் குடுங்கன்னாங்க."

அம்மையார் எதுவும் சொல்லவில்லை. சுவரில் கடிகாரம் ஓடிக்கொண்டிருந்தது. வக்தியால் அந்த அமைதியைத் தாங்க முடியவில்லை.

"நல்ல மனுஷங்க, உஸ்தாஸா. ரோஜா ஷர்பத் குடுத்தாங்க. போதும்னாலும் விடல, இன்னொரு கிளாஸ்."

பக்கத்து அறைக் கதவு திறந்தது. "ஷர்பத்தா? எவ வீட்டுல?" என்றாள் ஷஹீரா.

"உங்க படத்தை நீங்களே பாருங்க, வக்தி," என்றார் அம்மையார். "பூப்போட்ட சட்டைக்கே துக்கத்துக்காகக் கறுப்புச் சாயம் ஏத்தியிருக்காங்க. சாயம் இன்னும் சொட்டுது. புருஷன் செத்து ஓடி வந்த அந்த வாரம் எடுத்த படம் இது. சாவு விழுந்த வீட்டுல சர்க்கரை போடாத காப்பிதான் தருவாங்க. நிச்சயதார்த்தத்துக்குக் கலக்கற ஷர்பத்தையா ரெண்டு கிளாஸ் தருவாங்க? அப்புறம், உங்க கேமரா புள்ளைய மேலேர்ந்து பாக்குது. நீங்க நின்னது அந்த வீட்டுல இல்ல. அதைவிட உசந்த பக்கத்து மாடியில."

"தண்ணி குடிச்சேன்னு சொல்லியிருக்கலாம், அண்ணே," என்றான் ரம்ஸி. "ஷர்பத்துக்கு ஆசைப்பட்டு மாட்டிக்கிட்டீங்க."

வக்தி நாற்காலியில் சரிந்தார். "மாடியிலதான் நின்னேன். வெளிச்சத்தையும் அந்த முகத்தையும்தான் பாத்தேன், கொடியப் பாக்கல. 'மாமா, என்னையும் எடு'ன்னு புள்ளையே கையாட்டிச்சு. அதுக்கு மேல யாரக் கேக்கணும்னு விட்டுட்டேன்."

"சிரிப்பு அவளோடது. சம்மதம் அவ அம்மாவோடது," என்றார் அம்மையார்.

வக்தி ஷஹீராவை நிமிர்ந்து பார்த்தார். அவள் அவரைப் பார்க்கவில்லை.

சுவரொட்டிகளை அன்று மாலையே நாங்கள் கிழித்தோம். போன அழைப்பிதழ்களை ரம்ஸி வீடுவீடாகப் போய்த் திரும்ப வாங்கிவந்தான். அந்தப் படம் போக, வக்தியின் நன்கொடை முழுவதும் அவரிடமே திரும்பியது. இப்போது அவர் கல்யாணப் படம் எடுத்துப் பிழைக்கிறார். பெற்றவர்களை நேரில் பார்க்காமல் குழந்தைகள் உள்ள எந்தப் படத்தையும் ஸஃபீனாஸ் பிறகு வாங்கவில்லை. இஸ்மத் அம்மையார் காலமாகிவிட்டார். அவருடைய அலுவலகம் இப்போது ரம்ஸியிடம். ஷஹீரா பயந்த அந்த அண்ணன்மார் வரவேயில்லை. ஜுமானா அதே மாடியில் வளர்ந்தாள். அந்தப் படத்தில் ஒரே ஒரு பிரதிதான் மிச்சம். அது அவள் அம்மாவிடம் இருக்கிறது.