டைல்ஸ் மேல் மெத்தை

காதல் கதை என்றால் முதலில் கண்கள் சந்திக்க வேண்டும். இங்கே முதலில் சந்தித்தவை இரண்டு லாரிகள். எடைமேடையின் ஒற்றை வழியில் முன்னால் நின்ற லாரி இறங்க மறுத்தது... பின்னால் நின்ற லாரி ஹாரன் அடிப்பதை நிறுத்த மறுத்தது.

முன்னால் நின்றது அவளுடைய லாரி. அவளுடைய அப்பாவின் மெத்தைக் கம்பெனிக்காக அவள் வாடகைக்கு எடுத்தது. உச்சிவரை மெத்தையும் தலையணையும் அடைத்து, தார்ப்பாய் பிதுங்கிக்கொண்டு நின்றது. எடையைப் பார்த்த எடைமேடைக்காரர், ஏதாவது ஏற்றியிருக்கிறீர்களா, இல்லை வண்டி சும்மா காற்று வாங்க வந்ததா என்று கேட்டார். இதே நகைச்சுவையை ஒவ்வொரு முறையும் சொல்வார். ஒவ்வொரு முறையும் தானே முதலில் சிரிப்பார். அந்தச் சிரிப்பு முடிவதற்குள் இன்ஜின் நின்றுவிட்டது. இன்ஜின் நின்றதும் மழை வந்தது. மழை வந்ததும், தார்ப்பாயின் பின்மூலையில் ஒரு கிழிசல் இருப்பது தெரிந்தது.

அவள் தலையில் கை வைத்துக்கொண்டாள்.

லாரியோடு லாரியாக அவள் அலைவதற்குக் காரணம் இருந்தது. மெத்தை விற்று வருகிற லாபத்தை லாரி வாடகை தின்றுகொண்டிருந்தது. இந்தக் காலாண்டுக்குள் வாடகை குறையவில்லை என்றால், சரக்கு அனுப்பும் டெஸ்பாட்ச் நாற்காலி அவளிடமிருந்து அத்தானுக்குப் போகும் என்று அப்பா அறிவித்திருந்தார். அப்பா எதையும் சொல்வதில்லை, அறிவிப்பார். கம்பெனியில் எல்லோரும் அவரைச் சேர்மன் என்று அழைக்க வேண்டும். பெற்ற மகள் உட்பட. அக்காவைக் கட்டிக்கொண்ட அத்தானோ லாரியின் பக்கத்தில் போய் நின்றவரில்லை. ஆனால் அம்புக்குறி போட்டுப் படம் வரைவார். அந்தக் குடும்பத்தில் அவள் பேச்சை நாலு பேர் கேட்டு நடப்பது அந்த ஒரு நாற்காலியில்தான். வீட்டில் அவள் பேசினால் டிவி சத்தத்தைக் கூட்டுவார்கள்.

பின்னால் நின்ற லாரியிலிருந்து ஒருவன் இறங்கி வந்தான். டைல்ஸ் கம்பெனியின் மேனேஜர். தலை முதல் கால் வரை வெள்ளைத் தூசி. மழை பட்டதும் இமைத் தூசி கரைந்து, கன்னத்தில் இரண்டு கோடுகளாக இறங்கியது. சுண்ணாம்பு அடித்த சுவர் அழுவதைப் போல் இருந்தது. ஆனால் கண்கள்... மழையில் கழுவிய கண்ணாடி ஜன்னல் மாதிரி... சரி, நன்றாகத்தான் இருந்தன. இந்த நேரத்தில் அதைக் கவனித்ததற்காகத் தன் மேலேயே அவளுக்குக் கோபம் வந்தது.

காற்றுதானே, நாலு பேர் தள்ளினால் வண்டி இறங்கிவிடும் என்றான் அவன். பின்னால் இருக்கும் மெத்தைகளை மூடாமல் வண்டியை யாரும் தொடக் கூடாது என்றாள் அவள். மூடுவதற்குத் தார்ப்பாய் இருக்கிறதா என்று கேட்டான். இருந்தால் நான் ஏன் இங்கே நின்று உங்களோடு பேசிக்கொண்டிருக்கிறேன் என்றாள். அவன் வானத்தைப் பார்த்தான். அங்கேயும் உதவி கிடைப்பதாகத் தெரியவில்லை.

"சரி மேடம்... நனையுறதையெல்லாம் தூக்கி என் வண்டியில போடுங்க. எனக்கு வழி விட்டா போதும்."

அவள் அவனுடைய லாரியின் பின்கதவைத் திறந்து பார்த்தாள். அப்படியே நின்றுவிட்டாள். நெஞ்சு படபடத்தது... உண்மை. காதில் ஏதோ பாட்டு கேட்டதும் உண்மை. ஆனால் அது அவனுக்காக இல்லை. டைல்ஸ் பெட்டிகள் முழங்கால் உயரத்துக்குத்தான் இருந்தன. அதற்கு மேலே கூரை வரைக்கும் கல்யாண மண்டபம் மாதிரி காலி இடம்.

"இவ்ளோ இடத்தையும் சும்மாவா அனுப்புறீங்க?"

"டைல்ஸ் கனம் மேடம். இதுக்கு மேல ஒரு வரிசை ஏத்தினா அச்சு முறிஞ்சிடும்."

"வாடகை?"

"முழு லாரிக்குத்தான்."

அவளும் முழு லாரிக்குத்தான் கொடுக்கிறாள். அவளுக்கு எடை மிச்சம், இடம் இல்லை. அவனுக்கு இடம் மிச்சம், எடை தாங்காது. இரண்டு லாரியும் போவது ஒரே ஊருக்கு. இத்தனை நாளாக இரண்டு கம்பெனியும் போட்டி போட்டுக்கொண்டு காலி இடத்துக்கு வாடகை கட்டியிருக்கின்றன... இரண்டு பக்கமும் மெத்தப் படித்தவர்கள் உட்கார்ந்துகொண்டு.

அவனுடைய லாரியில் ஏற்றிவிட்ட மெத்தைகள் நனையாமல் வந்து சேர்ந்தன என்று கடைக்காரர் சொன்னதும், அவள் டைல்ஸ் கம்பெனிக்குப் போன் செய்தாள். டைல்ஸை ஒரு வரிசை குறைத்துக்கொள்ளுங்கள், மேலே பலகை போடுங்கள், பலகைக்கு மேல் மெத்தை, வாடகை பாதிப் பாதி என்றாள். போனை எடுத்திருந்தவன் அந்த மேனேஜரேதான்.

"இது எனக்கு ஏன் தோணல?"

"அதை நீங்கதான் சொல்லணும் சார்."

இப்படித்தான் ஆரம்பித்தது. இதை முதல் சந்திப்பின் இனிமை என்று சொல்ல முடியாது. லோடு ஏற்றுகிற ஒவ்வொரு நாளும் அவளுக்கு ரத்தக் கொதிப்புதான். டைல்ஸ் ஏறிய பிறகுதானே மெத்தை ஏற முடியும்... டைல்ஸ் ஏற வேண்டுமே. அவன் ஒவ்வொரு பெட்டியையும் விரலால் தட்டி, காதைச் சாய்த்து, உள்ளே விரிசல் இருக்கிறதா என்று கேட்பான். வைத்தியர் நாடி பார்ப்பதுபோல. அவள் டைல்ஸ் யார்டில் ஒரு முக்காலியில் உட்கார்ந்து பல்லைக் கடிப்பாள்.

"டைல்ஸ் சார்... அது என்ன சொல்லுதுன்னு எனக்கும் கொஞ்சம் சொல்லுங்களேன்."

"தலையணை மேடம் சத்தம் போடுறாங்க, பேச பயமா இருக்குன்னு சொல்லுது."

அவள் எழுந்துபோய்த் திட்டுவாள். இருட்டுவதற்குள் வண்டி கிளம்புமா, இல்லை இந்தப் பெட்டிகளுக்குத் தாலாட்டு பாடித் தூங்க வைத்துவிட்டுத்தான் அனுப்புவீர்களா என்பாள். அவன் தலையை ஆட்டிக் கேட்டுக்கொள்வான். அடுத்த பெட்டியை இன்னும் நிதானமாகத் தட்டுவான். திட்டி முடித்துத் திரும்பினால், வெயிலில் கிடந்த முக்காலி நிழலுக்கு நகர்ந்திருக்கும். நிழல் நகர்ந்தால், அடுத்த முறை திட்டிவிட்டு வருவதற்குள் முக்காலியும் நகர்ந்திருக்கும். யார் நகர்த்தச் சொன்னது என்று அவள் கேட்டதில்லை. கேட்டால் நன்றி சொல்ல வேண்டி வரும்... திட்டுகிற வாயால் நன்றி சொன்னால் மரியாதை என்ன ஆவது?

வீட்டுக்குப் போனால் அக்காவிடம் அவனைப் பற்றித்தான் புலம்பல். மனுஷனா அவன்... அவன் தட்டுகிற வேகத்தில் டைல்ஸ் திரும்ப மண்ணாகிவிடும்... என்று சோறு ஆறும்வரை பேசுவாள். ஒருவனைப் பற்றி இவ்வளவு பேசினால் அதற்கு வேறு பெயர் என்று அக்காவுக்குத் தெரியும். அக்காவுக்குத் தெரிந்தது அத்தானுக்கும் தெரிந்தது. அதுதான் வினை.

காலாண்டுக் கூட்டம் வந்தது. சேர்மன் நடுவில் அமர்ந்தார். அவருடைய நாற்காலி மட்டும் மற்ற நாற்காலிகளைவிட ஒரு சாண் உயரம். ஒப்பந்தத்தை முறைப்படி போட்டுவிடலாம் என்று அவள் டைல்ஸ் மேனேஜரையும் வரச் சொல்லியிருந்தாள். அவன் குளித்து, தலைசீவி, தூசியில்லாமல் வந்திருந்தான். முதலில் அவளுக்கு அடையாளமே தெரியவில்லை. தெரிந்ததும் வேறு பக்கம் பார்த்துக்கொண்டாள்.

அத்தான் முதலில் பேசினார். 'சரக்குப் போக்குவரத்து மறுமலர்ச்சி' என்று தலைப்பு. திரை முழுக்க அம்புக்குறிகள். எல்லா அம்பும் மேலே போயின. கடைசிப் படத்தில் கம்பெனிக்குச் சொந்தமாக லாரிகள், ஒவ்வொன்றின் பக்கவாட்டிலும் சேர்மனின் சிரித்த முகம். சேர்மன் அந்தப் படத்தை மட்டும் இன்னொரு முறை போடச் சொன்னார்.

பிறகு அவள் எழுந்தாள். படம் எதுவும் போடவில்லை. வாடகை ஏறக்குறையப் பாதியாகிவிட்டது என்று மட்டும் சொன்னாள். சேர்மன் நிமிர்ந்து உட்கார்ந்து, எப்படி என்று கேட்டார். அவள் வாயைத் திறப்பதற்குள் அத்தான் முந்திக்கொண்டு, நம்முடைய மெத்தைகள் பாத்ரூம் டைல்ஸ் மேல் பயணம் செய்கின்றன என்று துக்கச் செய்தி சொல்வதுபோலச் சொன்னார்.

சேர்மனின் முகம் சிவந்தது.

"மனுஷன் தலை வெச்சுப் படுக்கிற மெத்தை... அது பாத்ரூம் டைல்ஸ் மேல உக்காந்துக்கிட்டு ஊர் ஊரா போகுதா?"

"புது டைல்ஸ்தாங்க சார்," என்றான் அவன் பணிவாக. "இன்னும் யாரும் குளிக்கல."

யாரோ சிரித்து, அதை இருமலாக மாற்றினார்கள். அத்தான் விடவில்லை. மெத்தை ஏற்ற எவ்வளவு நேரம் ஆகும், நம்முடைய டெஸ்பாட்ச் இன்சார்ஜ் அந்த யார்டில் பாதி நாள் உட்கார்ந்திருப்பது லாரிக்காகத்தானா என்று சேர்மன் விசாரிக்க வேண்டும் என்றார். சேர்மன் மகளைப் பார்த்தார். சேர்மனாகவும் பார்த்தார், அப்பாவாகவும் பார்த்தார்... இரண்டு பார்வையும் நன்றாக இல்லை.

"உனக்கும் இவருக்கும் நடுவுல ஒண்ணும் இல்லன்னு இங்கயே சொல்லு. நாற்காலி உனக்கு. மெத்தையை எது மேல வேணும்னாலும் ஏத்திக்கோ."

அவளுக்கு எரிச்சல் தாங்கவில்லை. அப்பா மேல், அத்தான் மேல், சீவிய தலையோடு தன்னையே பார்த்துக்கொண்டிருந்த அவன் மேல். அத்தனை பேர் முன்னால் கேட்டால் என்ன சொல்வது? அவளே இன்னும் தன்னிடம் கேட்டுக்கொள்ளாத கேள்வி.

"ஒண்ணும் இல்ல," என்றாள். அதோடு நிறுத்தியிருக்கலாம். "அவர் எனக்குப் பாதி லாரி இடம். அவ்வளவுதான்."

அவன் எழுந்தான். எல்லோருக்கும் பொதுவாக வணக்கம் சொன்னான். கதவைச் சத்தமில்லாமல் சாத்திவிட்டுப் போனான். அடித்துச் சாத்தியிருந்தால்கூடப் பரவாயில்லை என்று அவளுக்குத் தோன்றியது.

நாற்காலி அவளுக்கே நிலைத்தது. அடுத்த லோடுக்குப் போனபோது யார்டில் அவன் இல்லை, ஒரு மேஸ்திரி இருந்தார். அவள் போய்ச் சேர்வதற்கு முன்பே டைல்ஸ் ஏறி, பலகை போட்டு, எல்லாம் தயார். அதற்கடுத்த லோடும் அப்படியே. இவ்வளவு ஒழுங்கை அந்த யார்டு கண்டதே இல்லை. அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. மேஸ்திரியைத் திட்டிப் பார்த்தாள். அவர் உடனே மன்னிப்புக் கேட்டார். சுவாரஸ்யமே இல்லை. உங்கள் மேனேஜர் ஊரில் இல்லையா என்று போகிற போக்கில் கேட்டாள். உள்ளேதான் இருக்கிறார் என்றார் மேஸ்திரி. ஜன்னல் மூடியிருந்தது. இறங்கிப் போய்க் கதவைத் தட்ட அவளுக்குக் கௌரவம் இடம் கொடுக்கவில்லை... அந்தக் குடும்பத்தில் எல்லோருக்கும் கொஞ்சம் சேர்மன்தனம் உண்டு.

வேலை சுலபமாக நடந்தது. நாள்கள்தான் நகரவில்லை. லாரி நேரத்துக்குக் கிளம்பிப் போகும். அவள் வெயிலில் நின்று, அது போன பாதையையே முறைத்துக்கொண்டிருப்பாள்.

ஒரு மதியம் சேர்மன் தரப் பரிசோதனையில் இருந்தார். அதாவது, புதிதாகத் தைத்த மெத்தை ஒன்றில் மல்லாந்து படுத்திருந்தார். கம்பெனியில் எந்தப் புது மெத்தையையும் அவரே சோதிப்பார். சோதனையின்போது குறட்டையும் வரும். அவள் கால்மாட்டில் போய் நின்றாள்.

"அப்பா."

சேர்மன் என்று அழைக்காததால் அவர் கண்ணைத் திறந்தார்.

"அன்னிக்கு ஒண்ணும் இல்லன்னு சொன்னேன்ல... அது பொய். சொல்றப்ப பொய்னு தெரியல. இப்ப தெரியுது."

அவர் எழுந்து கோபப்பட முயன்றார். மெத்தை விடவில்லை. கம்பெனியின் தரம் அப்படி. ஒரு பக்கம் புரண்டு, முழங்கையை ஊன்றி, அது அமிழ்ந்து, மறுபடி மல்லாந்தார். படுத்துக்கொண்டே கோபப்படுவது அவ்வளவு எளிதில்லை.

"நாற்காலி போயிடும்... தெரியுமில்ல?"

"தெரியும். அத்தானுக்கே குடுங்க."

அந்த நாற்காலியோடு வந்த குடோன் சாவியை அவர் தலைமாட்டில் வைத்துவிட்டு நடந்தாள். ஏதோ பெரிய தியாகம் செய்த பெருமிதம். வாசல் வரை வந்து, சாவி இல்லாத கை லேசாக இருப்பதை உணர்ந்தபோது அழுகையும் வந்தது.

மறுநாள் தூறிக்கொண்டிருந்தது. அவள் டைல்ஸ் யார்டுக்குப் போனாள். மேஸ்திரியைத் தாண்டி, நேராக அந்த மூடிய அறைக்குப் போய்க் கதவைத் தட்டினாள். அவன்தான் திறந்தான். பழைய தூசியோடு இருந்தான். பார்க்க நிம்மதியாக இருந்தது.

"இன்னிக்கு லோடு இல்லையே மேடம்."

"லோடுக்கு வரல. நாற்காலியை விட்டுட்டேன். அப்பாகிட்ட உண்மையைச் சொல்லிட்டேன்." வரும் வழியெல்லாம் ஒத்திகை பார்த்ததை அவள் ஒப்பிக்க ஆரம்பித்தாள். "அன்னிக்கு உங்களை அப்படிச் சொன்னது தப்பு. அதுக்கு நான் கொடுக்கிற விலைன்னு நெனச்சுக்..."

"உங்க அத்தான் காலையில போன் பண்ணார்," என்றான் அவன்.

"யாரு?"

"உங்க அத்தான். புதுசா ஒரு யோசனை வெச்சிருக்காராம். எங்க டைல்ஸ் மேல உங்க மெத்தையை ஏத்தினா வாடகை பாதியாகுமாம். ரெண்டு அம்புக்குறி போட்டுப் படமும் அனுப்பியிருக்கார்."

அவள் கண்ணை மூடித் திறந்தாள். "நீங்க என்ன சொன்னீங்க?"

"ஏத்துறதுக்கு நீங்க வந்தாதான் இடம் தருவேன், வேற யார் வந்தாலும் லாரியில அது காலி இடமாவே போகட்டும்னேன். அவர் உங்க அப்பாகிட்ட போனைக் கொடுத்துட்டார்."

"அப்பாவா? அப்பா என்ன கேட்டார்?"

"அன்னிக்கு உங்ககிட்ட கேட்டதைத்தான். நடுவுல என்னன்னு. ஒண்ணும் இல்லன்னு அவங்க சொன்னாங்க சார், நான் இன்னும் ஒண்ணும் சொல்லலையேன்னேன்." அவன் கையில் இருந்த தூசியைச் சட்டையில் துடைத்தான். சட்டையிலிருந்து இன்னும் கொஞ்சம் தூசி கைக்கு வந்தது. "எனக்கு அவங்களைப் பிடிச்சிருக்கு, அவங்க திட்டாத நாள் எனக்கு விடியறதே இல்லன்னு சொன்னேன். போனை வெச்சுட்டார். கொஞ்ச நேரம் கழிச்சு அவரே திரும்பக் கூப்பிட்டு... அடுத்த லோடு எப்போன்னு கேட்டார். உங்க பொண்ணுகிட்ட கேட்டுச் சொல்றேன்னேன்."

மழை வலுத்தது. கூரைத் தகரத்தில் தடதடவென்று விழுந்தது. நாற்காலி திரும்ப வந்துவிட்டது. அப்பா இறங்கி வந்துவிட்டார். எல்லாம் அவளைக் கேட்காமலே நடந்து முடிந்துவிட்டது. அவளுக்குத் தலை முதல் கால் வரை எரிந்தது.

"என்னைக் கேக்காம யார் உங்களை இதெல்லாம் செய்யச் சொன்னது? நேத்துதான் நாற்காலியை விட்டேன். உங்களுக்காக. ராத்திரி பூரா அழுதேன். அந்தத் தியாகத்துக்கு ஒரு நாள்கூட மரியாதை இல்லாம பண்ணிட்டீங்களே..."

"தப்புதான்."

"என்கிட்ட சொல்ல வேண்டியதை எங்கப்பாகிட்ட போய்ச் சொல்லியிருக்கீங்க."

"அவர்தான் கேட்டார். நீங்க கேக்கவே இல்ல."

அவள் அவனை முறைத்தாள். முறைப்பு பாதியிலேயே கலங்கிவிட்டது. அவன் இமையில் தூசி... அவள் இமையில் நீர்.

"சரி, கேக்கிறேன்," என்றாள். "எனக்கு உங்களைப் பிடிச்சிருக்கு... ரொம்பப் பிடிச்சிருக்கு. அதுக்காகவே எரிச்சலா வருது. உங்களுக்கு?"

அவன் சொன்னான். தகரத்து மழையில் சரியாகக் கேட்கவில்லை என்று சொல்லி, அவள் அவனை இன்னொரு முறை சொல்ல வைத்தாள்.