தட்டிய இடத்தில் ஒரு லிங்க்

இப்போது பார்ப்பவர்கள்: 1 என்று காட்டியது லேப்டாப். காலையிலும் அதையேதான் காட்டியது.

வண்டன்மேட்டில் ஹோம்ஸ்டே நடத்துகிறவன் இதைப் பார்த்துச் சந்தோஷப்பட வேண்டும். பாண்டீஸ்வரனும் போன வாரம்வரை சந்தோஷமாகத்தான் இருந்தான். வெப்சைட்டுக்கு வந்துபோன கூட்டம் முழுக்க அவனும் அவன் போனும்தான் என்று, அதைச் செய்து கொடுத்த கட்டப்பனை ஜிதின் கண்டுபிடித்துச் சொல்லும்வரை. சொந்த வருகையைக் கணக்கில் சேர்க்கக் கூடாதாம், அதுதான் முதல் பாடமாம். கல்யாணத்துக்கு ஆள் வரவில்லையென்று மாப்பிள்ளையே மறுபடி மறுபடி பந்தியில் உட்காருகிற மாதிரி இருக்கிறது என்றான். நேற்று அவனே இந்த வீட்டு போன், லேப்டாப் எல்லாவற்றையும் கணக்கிலிருந்து கழித்துவிட்டான். மிச்சம் பூஜ்யம் வந்திருக்க வேண்டும்.

ஒன்று வந்தது.

ஓணத்துக்குள் அறைகள் நிறையாவிட்டால், எறணாகுளத்தில் இருக்கும் வீட்டுக்காரர் இந்த வீட்டை ஏலக்காய் வியாபாரி ஒருவருக்குக் குடோனாகக் கொடுத்துவிடுவார். அப்புறம் பாண்டீஸ்வரனும் மனைவி இந்துவும் பெட்டியோடு வண்டிப்பெரியாருக்கு, மாமனாரின் எஸ்டேட் லயத்து ஒற்றையறை வீட்டுக்குப் போக வேண்டியதுதான். அங்கே ஏற்கெனவே கால் நீட்ட இடமில்லை. மாமனார் ஒன்றும் சொல்ல மாட்டார். அந்த ஒன்றும் சொல்லாததைத்தான் இவனால் தாங்க முடியாது.

ஆகவே அந்த ஒருவர் யாரென்று தோண்டினான். ஊர்: வண்டன்மேடு. வண்டன்மேட்டுக்காரனுக்கு வண்டன்மேட்டில் எதற்கு ரூம்? எதிர்ச்சரிவில் போட்டிக்கு ஹோம்ஸ்டே வைத்திருக்கும் சங்கையாவாக இருக்கும் என்று மனதுக்குள் திட்டினான். வந்த வழி: நேரடி. தேடியும் வரவில்லை, யாரும் அனுப்பவுமில்லை. பார்க்கும் பக்கம்: பழைய உலர்த்தும் அறை.

எரிச்சலே அதுதான். கட்டில் போட்டு, பூப்போட்ட திரை போட்டு, கீசர் வைத்த அறைகளை எல்லாம் விட்டுவிட்டு, வாடகைக்கே விடாத அறை. வீட்டின் பின்பக்கம், ஒரு காலத்தில் ஏலக்காய் உலர்த்திய ஸ்டோர். பழசு என்றால் டூரிஸ்ட் மயங்குவான் என்று ஜிதின் சொன்னதால், உள்ளே போய்க் கதவைச் சாத்தி, அந்தக் கதவைப் பார்த்தபடியே ஒரு போட்டோ எடுத்துப் போட்டிருந்தான். பிறகு எலி வருகிறதென்று வெளியே பிளைவுட் வைத்து ஆணியடித்துவிட்டான். ஸ்டோர் கதவை அடைக்கும்முன் உள்ளே ஆளிருக்கா என்று குரல் கொடுத்து, சற்று நின்று கேட்டுவிட்டு அடைப்பது இந்தப் பக்கத்து வழக்கம். சூட்டுக்குள் யாரும் மாட்டிக்கொள்ளக் கூடாதே. ஒரு குரல் கொடுங்க என்று இந்துவும் சொன்னாள். அடுப்பு அணைந்து எத்தனையோ வருஷமான அறையில் யாரைக் கூப்பிடுவது? பி.சி.ஏ. படித்தவன். கூப்பிடவில்லை.

மத்தியானம் மழை பிடித்துக்கொண்டது. மலையிறங்கிய மஞ்சு மூட்டம் ஜன்னல் கம்பி வழியே புகுந்து, புக்கிங் செய்யாத விருந்தாளி மாதிரி நாற்காலிகளில் உட்கார்ந்துகொள்ள, தகரக் கூரையில் மழை ஒரே சீராக இரைய, அதற்கடியில் ஈரச் சாக்கும் கருகிய ஏலத்தோலும் கலந்த ஒரு வாசனை பின்பக்க நடையிலிருந்து தரையோடு தரையாக ஊர்ந்து வர, பாண்டீஸ்வரன் அந்த ஒருவரின் வருகைப் பதிவை ஓடவிட்டான். பார்ப்பவரின் மவுஸ் அம்புக்குறி எங்கெங்கே போகிறதென்று அந்தந்த நேரத்திலேயே படமாகக் காட்டும் வசதி அது. சத்தம் இருக்காது.

அம்பு, போட்டோவில் இருந்த சுவரோடு ஒட்டிக்கொண்டு நகர்ந்தது. இருட்டில் கையால் தடவிக்கொண்டு போகிற மாதிரி. மூலை. அடுத்த சுவர். இன்னொரு மூலை. கதவை அடைந்ததும் நின்றது. தட்டியது. அங்கே லிங்க் எதுவும் இல்லை, வெறும் படம். மறுபடி தட்டியது. நிறுத்தாமல் தட்டியது.

பின்பக்கம் எங்கோ டக், டக் என்றது. மழைச் சொட்டு என்று முடிவுசெய்தான்.

ஜிதினுக்குப் போன் போட்டான். அதற்குக் கோபக் கிளிக் என்று பெயராம். திறக்கும் என்று நம்பிய இடம் திறக்காவிட்டால் ஆட்கள் அப்படித்தான் குத்துவார்களாம். எங்கே தட்டுகிறார்களோ அங்கே ஒரு லிங்க் வைக்க வேண்டும், இல்லாவிட்டால் வெறுத்துப்போய்ப் போய்விடுவார்களாம். இவர் போகவேயில்லையே, காலையிலிருந்து அங்கேயேதான் இருக்கிறார் என்றான் பாண்டீஸ்வரன்.

"வந்தவங்க உடனே போறாங்கன்னு இத்தனை நாள் அழுதீங்க," என்றான் ஜிதின். "இப்ப ஒருத்தர் போகலேன்னு பராதி சொல்றீங்களா, அண்ணா?"

நியாயமாகத்தான் பட்டது. போட்டோவில் கதவின் மேல் லிங்க் வைத்தான். வீட்டின் ஒவ்வொரு இடத்துக்கும் வெப்சைட்டில் ஒரு பக்கம் உண்டு; தட்டினால் நடையின் பக்கம் திறக்கும். சேமித்தான்.

பின்பக்கச் சொட்டு நின்றது. மழை நிற்கவில்லை.

பார்க்கும் பக்கம்: நடை.

ஆணி ஒன்று மரத்திலிருந்து மெல்லக் கழலும் கீச்சொலி. பிறகு இன்னொன்று. பிளைவுட் தரையில் சாய்ந்தது. யாரோ பிடித்து வைத்த மாதிரி, மெதுவாக.

அம்பு இப்போது சுவரைத் தடவவில்லை. நேராக வந்தது.

லிங்கை அழித்தான். பார்ப்பவர்கள்: 1. நடைப் பக்கத்தையே அழித்தான். 1. வாசனை கனத்தது. பார்க்கும் பக்கம்: அடுக்களை.

அடுக்களையில் இந்து டீ போட்டுக்கொண்டிருந்தாள்.

கூப்பிட வாய் திறந்தான். விரல் முந்திக்கொண்டது. அடுக்களைப் பக்கத்தை அழித்தான்.

பார்ப்பவர்கள்: 0.

போய்விட்டார். முதல்முறையாக, வந்த ஒருவர் போனதற்காக பாண்டீஸ்வரன் மூச்சுவிட்டான்.

"ஏங்க," என்றாள் இந்து உள்ளேயிருந்து. மாதக்கணக்காக அவள் குரலில் கேட்காத உற்சாகம். "கெஸ்ட் வந்திருக்காருன்னு ஒரு வார்த்த சொல்லக்கூடாதா? பாவம், பின்னாடியே நிக்க வச்சிட்டீங்களே."

எழுந்தான். அடுக்களைப் பக்கம் திரும்பினான்.

"எத்தன நாளு தங்குவீங்கன்னு கேட்டேன். போறதா இல்லையாம்."

பாதி திறந்த கதவு வழியே இந்து தெரிந்தாள். கதவு மறைத்த பக்கமாகத் திரும்பி, டீ டம்ளரை நீட்டினாள். அங்கிருந்து ஒரு கை வந்தது. வற்றியிருந்தது. ஏலக்காய்த் தோல் மாதிரி வரிவரியாகச் சுருங்கியிருந்தது. விரல் முட்டிகளில் தோலே இல்லை.

டம்ளரை அது வாங்கவில்லை. அவள் மணிக்கட்டைப் பிடித்தது.

டீ ஒரு சொட்டும் சிந்தவில்லை. கெஸ்டுக்கென்று வைத்திருந்த சிரிப்பு இந்துவின் முகத்தில் அப்படியே நின்றது.